கரையோரப் புள்ளிகள்

மாப்ள,

வில்லாபுரம் வீட்டில் பரணை ஒதுக்கும்போது பழைய கம்ப்யூட்டர் தாள் கட்டு ஒன்று கையில் வந்தது. இரு ஓரமும் ஓட்டை போட்ட தாள். தூத்துக்குடி, ராமேஸ்வரம் கரையை ஒட்டிய புள்ளிகளை எல்லாம் நீ சிவப்புப் பென்சிலால் சுழித்திருந்தாய். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கடலே இல்லாத மதுரையில், இயற்பியல் துறையின் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நாம் இருவரும் செயற்கைக்கோள் ரேடாரை வைத்து அலை உயரத்தை அளந்துகொண்டிருந்தோம். எனக்கு அது மண்டையில் ஏறவே ஒரு மாதம் ஆனது. "அலை சின்னதுன்னா எதிரொலி பட்டுனு மொத்தமா திரும்பிரும். பெருசுன்னா மேடு முதல்ல, பள்ளம் பின்னாலன்னு இழுத்துக்கிட்டு வரும். எம்புட்டு இழுக்குதோ அம்புட்டு உயரம்" என்று நீதான் விளங்கவைத்தாய். கரையருகே தரையும் சேர்ந்து எதிரொலிக்கும், அளவு கெட்டுப்போகும். அந்தப் புள்ளிகளைத் தள்ளிவிட ப்ரோக்ராமில் நான்கு வரி எழுதி, ஃப்ளாப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தங்கை கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனாய்.

அந்த நான்கு வரியால், மறுநாள் துறைக் கருத்தரங்கில் நான் காட்டவேண்டிய படத்தில் பாதிப் புள்ளிகள் காணாமல் போயின. படம் பார்க்க நிறைவாக இருக்கட்டுமே என்று அந்த வரிகளை ஃப்ளாப்பியிலேயே அழித்துவிட்டு ப்ரோக்ராமை ஓட்டினேன். மறுநாள் நீ நேராகக் கருத்தரங்குக்கே வந்தாய். உன்னிடம் சொல்லவில்லை.

பேராசிரியர் எழுந்தார். "தூத்துக்குடி கரையில மாடி உயரத்துக்கு அலையா? யார் பாத்த வேலை இது?"

"ப்ரோக்ராம் இவன் எழுதினது சார்" என்றேன்.

பொய்கூட இல்லை அது. அந்த அயோக்கியத்தனம்தான் இன்றும் கூசுகிறது. நீ போய் ஃப்ளாப்பியைத் திறந்து பார்த்தாய். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில், "பழைய ஃப்ளாப்பியக் குடுத்துட்டேன் போல மாப்ள. அந்த நாலு வரியும் அதுல இல்ல. உன் பேரையும் கெடுத்துட்டேன்" என்றாய். அவனியாபுரம் வரும்வரை நான் ரோட்டை வேடிக்கை பார்த்தேன்.

மாதம் முடிவதற்குள் ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கப்பலூரில் ரப்பர் கம்பெனி வேலைக்குப் போனாய். நான் பட்டம் வாங்கினேன்.

சென்ற மாதம் உன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். உன் மனைவி சொன்னார்: "பழச எடுத்துக் குடுத்து உங்களத் தலகுனிய வச்சுட்டேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாருண்ணே. அதுலருந்து எதையும் மூணு தடவ பாக்காம கையெழுத்துப் போட மாட்டாரு."

"அவன் ரொம்பக் கவனமான ஆளும்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

என் தப்பை உன்னுடையது என்று நம்பியே போய்விட்டாய் மாப்ள. உன் மனைவி இன்னும் அப்படித்தான் நம்புகிறார். உன் வீடு பக்கத்துத் தெருதான். இதைச் சொல்ல நான் இன்னும் போகவில்லை.