காற்றுக்குப் போட்ட சுழி

அன்புப் பேத்தி துர்காவுக்கு, மூலக்குளத்திலிருந்து ஆயா ஆசீர்வதித்து எழுதுவது. பிரான்சில், உன் துலூசில் குளிர் எப்படி? காதை மூடிக்கொண்டு போ.

எனக்கு உடம்பு முடியவில்லை, உடனே வா என்று எழுதித் தரும்படி உங்கப்பா காலையிலிருந்து என் தலைமாட்டிலேயே நிற்கிறான். போனில் என்றால் நீ குறுக்குக் கேள்வி கேட்பாயாம், என் கையெழுத்தைப் பார்த்தால் நம்பிவிடுவாயாம். வரவழைத்து, தை பிறந்ததும் கல்யாணத்தை முடித்துவிடப் பார்க்கிறான். நான் இதை எழுதி, உறையை ஒட்டியே கொடுப்பேன். பிரிக்கமாட்டான்.

மாப்பிள்ளை வீட்டார் ரெட்டியார்பாளையம். போன வாரம் வந்தார்கள். பையனின் அம்மா நீ என்ன படிக்கிறாய் என்று கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. “எம் பேத்தி சுழி பத்தி ஆராய்ச்சி பண்றா” என்றேன். அந்த அம்மா முகம் சுருங்கிப்போய், “பொண்ணுக்கு ரெட்டைச் சுழியா?” என்றாள். கூட வந்த பெரியவர், “இல்லம்மா, மாட்டுச் சுழி பாக்குற படிப்பு போல” என்றார். உங்கம்மா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடினாள்.

நான் விடவில்லை. நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். ஜெட்டிலிருந்து பீறிட்டு வரும் காற்று, வேகம் கூடக் கூடப் பக்கத்துக் காற்றோடு சேராமல் தனியாகவே ஓடும். சாய்த்து வைத்த தகடுகளால் அதைச் சுழற்றிவிட்டால் அக்கம்பக்கத்துக் காற்றை இழுத்துச் சீக்கிரம் கலந்துகொள்ளும். சுழற்சி மிஞ்சினால் முன்னே தள்ளும் வேகம் குறைந்துபோகும். எவ்வளவு சுழற்றலாம் என்றுதான் என் பேத்தி பார்க்கிறாள் என்றேன். “அதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா?” என்றார் பெரியவர். “இங்க அத சொல்லித்தர யாராவது இருந்தா சொல்லுங்க, நாளைக்கே கூப்டுக்கறேன்” என்றேன். அப்புறம் காபிதான் குடித்தார்கள்.

அப்படியும் உன்னைப் பிடித்துவிட்டதாம்! தாலி கட்டிய கையோடு திரும்பிப் போக விடுவார்களா? மாசியில்தான் அந்தப் பெரிய காற்று மெஷின் உன் கைக்கு வரும், விட்டால் அடுத்தவருக்குப் போய்விடும், மூன்று வருஷ உழைப்பும் வீண் என்றாயே. அதை நினைத்தால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. நீ பாட்டுக்கு டிக்கெட் எடுத்துவிடுவாயோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

எனக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். எழுத்து கோணலாக இருப்பது படுத்துக்கொண்டு எழுதுவதால்.

நீ போட்ட சுழிக்குக் காற்று கட்டுப்படட்டும், கண்ணு. அதை முடிக்காமல் யார் கூப்பிட்டாலும் வராதே. நானே அழுதுகொண்டு கூப்பிட்டாலும், உடம்பு படுத்தும்போது வாய் உளறுகிறது என்று நினைத்துக்கொள். மெஷினை விட்டு நகராதே.

உன் ஆயா,
செல்வாம்பாள்