கிட்டே போகாத டீச்சர்

என் ஆசை நைனாவுக்கு, சீமைக்குப் போய்த் திரும்பிவந்த எஸ்தர் எழுதிக்கொள்வது.

ஆம்பூர் வந்து சேர்ந்துவிட்டேன். இன்று சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் நேராக உன் கல்லறைக்குத்தான் வந்தேன். உன்னிடம் சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். அங்கே நின்றதும் அழுகைதான் வந்தது. "அந்த ஊரு எப்டி இருக்குதுன்னு ஒண்ணு விடாம வந்து சொல்லணும்" என்று நான் கிளம்பின அன்று ரயிலடியில் நீ கேட்டாய் அல்லவா? எழுதியாவது சொல்லிவிடுகிறேன்.

நைனா, உலகம் எவ்வளவு பெரியது! லண்டனில் எங்கள் பயிற்சிக் கல்லூரியின் சாப்பாட்டு மேஜையில் மட்டும் நார்வேக்காரி, சீனாக்காரி, ஜமைக்காக்காரி, யாழ்ப்பாணத்துக்காரி எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் டீச்சர் வேலைக்குப் படிக்க வந்தவர்கள். முதல் நாள் எந்த ஓரத்தில் உட்காரலாம் என்று தேடினேன். வட்ட மேஜைக்கு ஓரம் ஏது? பக்கத்தில் இருந்த அபேனா ஆப்பிரிக்காக்காரி. கேட்காமல் கொள்ளாமல் என் தட்டிலிருந்து ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் வாயைப் பிளந்து அவளையே பார்த்தேன். நான் பசியில் பார்க்கிறேன் என்று நினைத்து, தன் தட்டை என் பக்கம் தள்ளினாள்! நம் தெருக்காரர் தொட்ட தட்டிலிருந்து இன்னொருவர் எடுத்துத் தின்று நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா?

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாள்; மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். முடிந்ததும் ஒவ்வொருத்தியாக எழுந்து முகத்துக்கு நேரே குறை சொல்ல வேண்டும். என் முறை வந்தது. ராத்திரி பகலாக மனப்பாடம் செய்த பாடம், ஒரு வார்த்தை பிசகவில்லை. நார்வேக்காரி எழுந்து, "எஸ்தர் கதவோரத்தை விட்டு நகரவே இல்லை" என்றாள். ஜமைக்காக்காரி, "பிள்ளையின் சிலேட்டைக் கையில் வாங்கவில்லை, மேஜையில் வைக்கச் சொல்லி எடுத்தாள்" என்றாள். எங்கள் ஆசிரியை, "பிள்ளைகள் கிட்டே போகாத ஒருவர் டீச்சர் ஆக முடியாது. இன்னொரு முறை இப்படியானால் சர்டிபிகேட் இல்லாமல்தான் கப்பல் ஏற வேண்டும்" என்று முடித்துவிட்டார்.

நைனா, நான் அப்படி நின்றதே எனக்குத் தெரியாது!

அறைக்கு வந்ததும் அபேனா பிடித்துக்கொண்டாள். ஏன் கிட்டே போகவில்லை என்று கேட்டாள். எங்கள் தெருக்காரர்கள் தோல் ஷாப்பில் தோல் பதனிடுகிறவர்கள், கடைவீதிக்குப் போனால் நாற்றம் என்று எட்ட நிற்கச் சொல்வார்கள், சில்லறையைக்கூடத் தூக்கித்தான் போடுவார்கள் என்றேன். அவள் என் கழுத்தில் மூக்கை வைத்து நன்றாக முகர்ந்து பார்த்தாள். "சோப்பு வாசனைதான் வருது. அதுவும் என் சோப்பு" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நீ போன சேதி வந்தது. கடிதம் கப்பலில் வந்து சேர்வதற்குள் உன்னை மண்ணுக்குக் கொடுத்து எத்தனையோ வாரம் ஆகியிருந்தது. அத்தனை வாரமும் நீ உயிரோடு இருப்பதாக நினைத்து நான் சிரித்துக்கொண்டிருந்தேனே நைனா, அதை எப்படித் தாங்குவது? மேஜையில் இருந்த எல்லோரும் என் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் பாஷையில் ஜெபம் செய்தார்கள். உன் பேரை யாருக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒருத்தர் விடாமல் சொன்னார்கள்.

இரண்டாம் பாடத்துக்கு ஆற்றுக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அங்கேயே நின்றுவிட்டேன். சுண்ணாம்பும் ஊறின தோலும் மரப்பட்டையும் கலந்த வாசனை, நைனா! சுண்ணாம்புத் தொட்டியில் வேலை முடிந்து வரும் உன் சட்டை வாசனை! தெரு நெடுகத் தோல் ஷாப்புகள். முழங்கைவரை கறை ஏறிய வெள்ளைக்காரர்கள் வண்டியிலிருந்து தோல் கட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள். நம் பிறவிக்கென்று எழுதிவைத்தது என்று எல்லோரும் சொன்ன வேலையை, ராஜா இருக்கிற ஊரில், ராஜாவின் நிறத்தில் இருக்கிறவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். அன்று பார்த்ததை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

அரிசியைப் பற்றிப் பாடம். ஊரிலிருந்து கொண்டுபோன நெற்கதிரைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பழையபடி கதவோரம் போய் நின்றுவிட்டேன். கதிர் கைமாறி வந்தது. மூன்றாம் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியைத் தாண்டி, அவள் தலைக்கு மேலே அடுத்த பக்கம் போய்விட்டது. "ஏன் அவளுக்குக் கொடுக்கவில்லை?" என்று கேட்டேன். "அவங்கப்பா தோல் சுரண்டறவர் மிஸ். அவகிட்ட நாத்தம் அடிக்கும்" என்றாள் ஒருத்தி. அந்தச் சிறுமி தலையை நிமிர்த்தவே இல்லை.

என் கால் எப்போது நகர்ந்தது என்று கேட்காதே. அவள் பெஞ்சில் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கதிரை அவள் கையில் வைத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்கப்பாவும் தோல் ஷாப்பில்தான் வேலை செய்தார்" என்றேன். பிறகு ஒரு கை உயர்ந்தது. "எங்கப்பாவும் மிஸ்!" "எங்க மாமாவும்!" "எங்கம்மா ரோமம் பிரிக்கிறாங்க!" பாதி வகுப்பு நைனா! அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள். நான் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"அரிசிப் பாடத்தில் அரிசியைத் தவிர எல்லாம் இருந்தது" என்று ஆசிரியை மார்க்கைக் குறைத்தார். ஆனால் பாஸ் போட்டுவிட்டார்.

இப்போது இங்கே உள்ள சங்கதியைக் கேள். என்னை நம் தெருப் பள்ளிக்கூடத்தில் போடவில்லை; கடைவீதிப் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிற இடம். பெரிய வாத்தியார் நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர். "பாடத்தை மட்டும் சொல்லுமா. புள்ளைங்க கிட்ட ஜாஸ்தி போவாதே. பெத்தவங்க வந்து பேஜார் பண்ணுவாங்க" என்றார். அம்மாவோ, "வந்த வேலைய விட்டுடாதேடி. எட்ட நின்னே சொல்லிக்குடேன், இன்னா இப்போ?" என்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வேலை போனால் அடுப்பு எரியாது. பயம் எனக்கும் இருக்கிறது நைனா, இல்லாமல் என்ன?

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். பெஞ்சு பெஞ்சாகப் போவேன். ஒவ்வொரு பிள்ளையின் சிலேட்டையும் என் கையால் வாங்குவேன். எழுத்து கோணினால் விரலைப் பிடித்து எழுதவைப்பேன். நீ யார் வீட்டுப் பெண் என்று யாராவது வந்து கேட்டால், குரலைத் தாழ்த்தாமல் உன் பேரைச் சொல்வேன்.

இப்படிக்கு,
சுண்ணாம்புத் தொட்டி தாவீதின் மகள்,
எஸ்தர் டீச்சர்.