பச்சை நூலும் வெள்ளை நூலும்

என் வீட்டுக்காரருக்கு,

மேல்மாடி வார்டில்தான் இருக்கிறீர்கள். நேரில் சொன்னால் பாதியிலேயே கிண்டல் செய்வீர்கள் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

"அந்தச் சின்னப் பொண்ணா என் நெஞ்சைத் திறக்கப் போகுது?" என்று கேட்டீர்களே, அந்தச் சின்னப் பெண்ணுக்குத்தான் இன்றும் ஆபரேஷன் தியேட்டரில் நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு நோயாளியின் இதயத்தில் ஒழுகுகிற வால்வை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சுற்றிப் பச்சை, வெள்ளை என்று மாற்றி மாற்றி நூல் கோத்தாள். நூல்களின் மறுமுனையைப் புது வால்வின் ஓரத்தில் தைத்து, எல்லாவற்றையும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, தூங்கும் குழந்தையைப் படுக்கையில் விடுவதுபோல வால்வை உள்ளே இறக்கினாள். சட்டைப் பொத்தான் தைத்தால்கூடக் குறை சொல்லும் நீங்களே வாயடைத்துப் போயிருப்பீர்கள்.

முடிச்சுப் போடப் போனவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். ஒரு பச்சை நூல் வெள்ளைக்கு அடியில் போயிருந்தது.

"யார் கண்ணுக்கும் தெரியலையே, விடும்மா" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே சார்!"

வால்வை மறுபடி மேலே தூக்கி, நூலைச் சரிசெய்து, திரும்ப இறக்கினாள். கடைசியில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

நாளை உங்கள் முறை. நூல் நான்தான் கொடுப்பேன் என்று அடம்பிடித்தேன். "வேண்டாங்க்கா, உங்க கை நடுங்கும்" என்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டாள். என் கையா நடுங்கும் என்று அவளிடம் சண்டையே போட்டேன்.

இந்தக் கையெழுத்தைப் பாருங்கள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

இப்படிக்கு,
நாளை வராந்தாவில் உட்கார்ந்திருக்கப் போகிறவள்