மௌன ஈட்டிக்கு ஆதாரம்

அலெக்சாந்திரியா,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நெர்மீனுக்கு அப்பா ரஊஃப் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மொன்றியலில் குளிர் குறைந்ததா? காயவைத்த முலூக்கியாக் கீரையை அம்மா அனுப்புகிறாள். பொட்டலத்தின் அடியில் பழைய மாத இதழ் ஒன்று இருக்கும். இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

போன மாதம் நீ போனில் அழுதாய். 'ஏழு நிலவுப் படை' கதைகளுக்காக ரசிகர்கள் நடத்தும் இணையக் களஞ்சியத்தில் பதினொரு வருஷமாக ஆயுதக் குறிப்புகளைச் சரிபார்ப்பவள் நீ. எந்தத் துப்பாக்கியானாலும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று கேட்டு மற்றவர்களை வறுத்தெடுப்பாய். அப்படிப்பட்ட நீயே மௌன ஈட்டி என்ற ஆயுதத்தை இட்டுக்கட்டிவிட்டாய் என்று பழி. ஆங்கில மூலத்தில் அது எங்குமே இல்லையாம். உன்னை நீக்க வாக்கெடுப்பு வேறு. அந்தக் கதைகளை நான் அரபியில் மொழிபெயர்த்து வெளியிட்ட மாத இதழில் சின்ன வயதில் படித்ததாகச் சொல்லி, அந்த இதழைக் கேட்டாய். தொலைந்துவிட்டது என்றேன்.

அது பொய். என் அலமாரியில்தான் இருந்தது.

அந்த இதழ் அச்சுக்குப் போன மாதம் சோப்பு விளம்பரம் வந்து சேரவில்லை. கால் பக்கம் காலி. அச்சகத்து ஆள் தலைமேல் நின்றான். மூலத்தில் இருப்பதுபோல நானே ஓர் ஆயுதக் குறிப்பை எழுதி அடைத்துவிட்டேன். மௌன ஈட்டி பட்டால் காயம் இல்லை. தளபதியின் கட்டளை மட்டும் காதில் விழாது. படை வீட்டுக்குத் திரும்பிவிடும். ஒன்பது வயதில் நீ அதை மனப்பாடமாக ஒப்பித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

போனை வைத்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "புள்ள அங்க திருடி மாதிரி நிக்குது, நீங்க இங்க கௌரவம் பாக்குறீங்களா? மரியாதையா உண்மைய எழுதிப் போடுங்க" என்றாள். இரண்டு நாள் எனக்கு டீகூடப் போட்டுத் தரவில்லை.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு டாக்டரம்மா உதவியோடு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு உன் களஞ்சியக்காரர்களுக்கு அனுப்பினேன். போன வாரம் பதில் வந்தது. உன்மேல் தவறு இல்லையாம், வாக்கெடுப்பு ரத்தாம். அரபிப் பதிப்பில் மட்டும் உள்ளது என்ற குறிப்போடு மௌன ஈட்டியும் இருக்குமாம். அப்பாடா என்று இருந்தது. முப்பத்தைந்து வருஷச் சுமை, மகளே.

நேற்று நீ அம்மாவிடம் சிரித்துப் பேசியது எனக்கும் கேட்டது. என்னை விசாரிக்கவில்லை. உன்மேல் குறை சொல்லமாட்டேன்.

ஊரில் எல்லோரிடமும் ஆதாரம் கேட்கிறவள், என்னிடம் மட்டும் கேட்காமலே நம்பியிருக்கிறாய். இனிமேல் என்னையும் கேள். பக்கம், வரி, தேதி எல்லாம் கேள். கேட்காமல் மட்டும் இருந்துவிடாதே.

இறைவன் உன்னை நலமாக வைக்கட்டும்.

உன் அப்பா,
ரஊஃப்