மலையாளத்தில் வேதனை

மக்களே, என் மகளே,

இன்று காலை, திருவனந்தபுரம் சாலை பஜாரில் நான் வேலை பார்க்கும் இரும்புக் கடையில், ஷட்டரைத் தூக்கும்போது விரல் நசுங்கிவிட்டது. ஆணி வாங்க வந்தவர் ஓடிவந்து கையைப் பிடித்து, "வேதனயுண்டோ, சேட்டா?" என்றார். எனக்கு உன் ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம் வந்தது.

அப்போது, உன் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்க நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்த புதிது. உனக்கு எட்டு வயது. இந்த ஊர்ப் பேச்சு நம் இருவருக்குமே பிடிபடவில்லை. வார்டு டாக்டர் தினமும் குனிந்து, "மோளே, வேதனயுண்டோ?" என்பார். அவர் கேட்டது உடம்பு வலியை. நாம் அதை மனவேதனை என்று எடுத்துக்கொண்டோம். நீ இல்லையென்று தலையாட்டுவாய். எனக்குப் பெருமை தாங்காது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நர்ஸிடம், "வலிக்கு" என்றாய். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. டிரிப் குழாய் இழுக்கிறதாக்கும் என்று அவர் பிளாஸ்திரியைத் தளர்த்தி ஒட்டிவிட்டுப் போனார்!

வலி தணிக்கும் பிரிவிலிருந்து வந்த டாக்டரம்மாவுக்குத்தான், உன் வாய் 'வேதனை இல்லை' என்கிறது, பிறகு கால் ஏன் மடங்கியே கிடக்கிறது என்று தோன்றியது. உன்னைப் போலவே கேட்டுத் துளைக்கிற ஆள். உன் முட்டியைத் தொட்டு, "இவிடே எந்தா?" என்றார்.

"வலிக்கு."

"வேதன இல்லே?"

"வேதனை எதுக்கு? அப்பாதான் பக்கத்துல இருக்காவல்லா?"

அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். சிரிக்கப்போனவர் சிரிக்கவில்லை. அன்றே மருந்து மாறியது. சாயங்காலம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, இந்த ஊரில் குடிக்கிற வெந்நீர் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று என்னைக் குடைந்தெடுத்தாய்.

மறுநாள் அவர் என்னைப் பார்த்து, "அச்சனு வேதனயுண்டோ?" என்றார். மலையாளம் கற்றுவிட்ட மிதப்பில், "ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன்.

நீ சிரித்தாய். "அப்பா, அவிய தமிழ்லயாக்கும் கேக்காவ."

அழுதுவிட்டேன். உன் நோய் தெரிந்த நாளிலிருந்து என்னை யாருமே அப்படிக் கேட்டதில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் தமிழில்தான் கேட்கிறார் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? இன்றும் யோசிக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தா, என் முகத்தைப் பார்த்தா?

நோய் தீரவில்லை. கடைசிவரை உன் கால் மடங்காமல் பார்த்துக்கொண்டார்கள். அது போதும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது பெரிது.

ஆணி வாங்க வந்தவர் கையை விடாமல் மறுபடியும் கேட்டார். "நீங்க எந்த பாஷையில கேக்கீங்க?" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

மலையாளத்தில் வேதனை கொஞ்சம்தான், மக்களே. தமிழில் இன்னும் இருக்கிறது.