மலைப்பாதையில் வராத மாடு

இன்று காலை எங்கள் பட்டை மண்டிக்குப் பின்னால் யாரோ வெட்டுத்தோல் துண்டுகளைக் குப்பையோடு போட்டுக் கொளுத்திவிட்டார்கள். ஆம்பூரில் பிறந்தவனுக்குத் தோல் நாற்றம் ஒரு பொருட்டே இல்லை. சுண்ணாம்புக் குழியின் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்கிறவர்கள் நாம். ஆனால் கருகிய தோல் வேறு. எழுந்து போய் ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு, கொளுத்தியவன் யாரென்று தெரியாமலே அவனைத் திட்டித் தீர்த்தேன். கூலியாட்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்த நாற்றத்துக்கும் எனக்கும் என்ன கணக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. உன்னைப் பெற்ற அத்தாவுக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. உன்னிடம் மட்டும்தான் அதைப் பேச முடியும். நீயோ பள்ளிவாசல் தோட்டத்தில் வேப்பமரத்தடி மண்ணில் கிடக்கிறாய்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, தோஸ்த். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தோல் வாங்க வந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தன் பழைய மோட்டார் சைக்கிளை உன்னிடம் தள்ளிவிட்டுப் போனார். அன்று வரை நீ ஜட்கா வண்டிகூட ஓட்டியதில்லை. முதல் நாளே அதை உதைத்துக் கிளப்பிக்கொண்டு எங்கள் மண்டிக்கு வந்தாய். வந்தவன் நிற்கவில்லை. நேராக, தோல் பதனிட வைத்திருந்த ஆவாரம்பட்டைக் குவியலில் போய்ப் புதைந்தாய். தலைமுடியெல்லாம் பட்டைத் தூளோடு எழுந்து, "இன்னாடா பாக்குற? நிறுத்தறதுக்கு இதுவும் ஒரு வழிதான்" என்றாய். ஓட்டக் கற்றுக்கொண்ட அளவுக்கு நிறுத்தக் கற்றுக்கொள்ளாதவன் நீ.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெஷாவர் வரை போகப்போவதாகச் சொன்னாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ரம்ஜான் முடிந்ததும் உன்னை மதராஸ் கிடங்கில் உட்கார வைப்பதென்று உன் அத்தா முடிவு செய்திருந்தார். "அங்க உக்காந்துட்டா அப்புறம் எழுந்திரிக்க முடியாதுடா. ஒரே ஒரு தடவ நாடு எவ்ளோ நீளம்னு பாத்துட்டு வந்துடறேன்" என்றாய். உன் குரல் அப்படித் தழைந்து நான் கேட்டதில்லை. பின் சீட்டில் நானும் வருவதாக ஒப்புக்கொண்டது அதனால்தான்.

உன் அத்தா குதித்தார். "வெள்ளைக்காரன் ரயிலு இன்னாத்துக்கு உட்டிருக்கான்? டிக்கெட் எடுத்துக்கினு போய்ட்டு வா!" நீ மசியவில்லை. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு பேரணாம்பட்டு மலைப்பாதையில் ஒரு தடவை ஏறி இறங்கிக் காட்ட வேண்டும், காட்டினால் போகலாம் என்றார். ஏறும் முன்பே நீ பயந்து திரும்பிவிடுவாய் என்று நினைத்திருப்பார்.

அப்புறம் நம் ஏற்பாடுகளைக் கேட்கவா வேண்டும்! நம் ஊர்க்காரனுக்கு எது கெட்டாலும் தோல்தானே மருந்து. சீட்டு கிழிந்திருந்ததா, ஆட்டுத்தோல் போட்டுத் தைத்தோம். பெட்ரோல் தகரங்களைக் கட்ட வார், ஸ்பானர் வைக்கப் பை, எண்ணெய் கசிந்த இடத்தில் வாஷர், எல்லாம் உங்கள் தோல் ஷாப்பிலிருந்தே வந்தது. கம்பெனிக்காரன் பார்த்தால் இது மோட்டார் சைக்கிளா, குதிரையா என்று குழம்பியிருப்பான்.

பிரேக் கட்டையின் மேலிருந்த பட்டை தேய்ந்து போயிருந்தது. மதராஸுக்கு எழுதிப் போட்டோம். சாமான் சீமையிலிருந்து வரவேண்டும், நாளாகும் என்று பதில் வந்தது. ரம்ஜானோ நெருங்கிக்கொண்டிருந்தது. நீ உன் அத்தாவிடமே போய் நின்றாய். பயணம் வேண்டாமென்று அத்தனை நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மனிதர், மகன் தோல் கேட்டதும் ஆளே மாறிவிட்டார். கிடங்குக்குள் தானே போய் எருமைத்தோல்களைப் புரட்டினார். வயிற்றுப் பக்கம் தளர்ச்சி என்று ஒதுக்கிவிட்டு, நல்ல முதுகுத்தோலாக ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, தன் கையாலேயே வெட்டினார். "சீமைச் சரக்கு இன்னாடா சீமைச் சரக்கு? நம்ம தோல வாங்கித்தான் அவனே பூட்ஸ் போடறான். இது உன்ன புடிச்சு நிறுத்தும்" என்றார்.

நிறுத்தவும் செய்தது. மாதனூர் வரை ஓட்டிப் பார்த்தோம். தொட்டால் போதும், நாய் கவ்வுகிற மாதிரி கவ்வியது. திரும்பி வந்ததும் நீ சொன்னதைக் கேட்டு உன் அத்தா மீசையைத் தடவிக்கொண்டார். பரம்பரையாகத் தோலோடு புழங்குகிற எங்கள் யாருக்கும், சமவெளியில் கவ்விய தோல் மலை இறக்கத்தின் சூட்டில் என்னவாகும் என்று தோன்றவில்லை. வேறு ஊராக இருந்திருந்தால் பேசாமல் சாமான் வரும் வரை காத்திருந்திருப்பார்கள்.

அன்று பின் சீட்டில் எனக்குப் பதில் என் எடைக்குப் பெட்ரோல் தகரங்களையும் மூட்டையையும் கட்டினாய். "நீ கீழயே இரு. மோர் குடி, வந்துடறேன்" என்றாய். மலையடிவாரத்து மோர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். நீ ஏறிய சத்தம் வளைவுக்கு வளைவு சன்னமாகிப் போயிற்று. வெகுநேரம் கழித்து இறங்குகிற சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெஷாவர் போய்விட்டோம் என்றே நினைத்தேன். அப்புறம் அந்தச் சத்தம் இருக்க வேண்டியதைவிட வேகமாக வந்தது. பிறகு சத்தமே இல்லை.

ஓடினேன். உன்னைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் அந்த நாற்றம் வந்துவிட்டது. கடைசி வளைவில் பாறையின் அடியில் கிடந்தாய். அப்போதே நீ இல்லை. எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. வண்டியின் பின் சக்கரம் பிளந்து, உள்ளே பிரேக்கில் இருந்த தோல் அடுப்புக்கரி மாதிரி ஆகியிருந்தது. தொட்டதும் விரல் வெந்தது. அது உதிர்ந்தது. மிச்சம் மீதி இல்லாமல் சுரண்டி எடுத்துப் பள்ளத்தில் வீசினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசிக்கவே இல்லை. கட்டைவிரலால் தோலை அழுத்திப் பார்த்த உன் அத்தாவின் கைதான் கண் முன்னால் நின்றது.

உன் அத்தா வந்தபோது உன்னைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். "எப்புட்றா?" என்று மட்டும் கேட்டார்.

"மாடு குறுக்க வந்துடுச்சு சாயபு" என்றேன்.

அந்த மாட்டை ஊரே நம்பியது. உன் ஜனாஸாவில் தோள் கொடுத்தவர்கள் எல்லோரும் அந்த மாட்டைத் திட்டினார்கள். ஒருவன் அது செவலை என்றுகூடச் சொன்னான். நானும் ஆமாம் என்றேன்.

உன் அத்தா இப்போது மிகவும் தளர்ந்துவிட்டார். இந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார். நாளைக்கு ரயில், பம்பாயில் கப்பல். புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய், செய்த பிழைக்கு மாப்பு கேட்பதும் மாப்பு கொடுப்பதும் உங்களில் வழக்கம்தானே. தடியை ஊன்றிக்கொண்டு ஒரு வாரமாகத் தெருத் தெருவாக அலைகிறார். தான் கூலி குறைத்துக் கொடுத்தவனிடம், கோபத்தில் தான் கை ஓங்கியவனிடம், எல்லோரிடமும் போய் நின்றார். நேற்று மண்டிக்கு வந்தார்.

"அந்த மாட்டுக்காரன நீ பாத்திய இல்ல?" என்றார்.

"பாத்தேன் சாயபு. மேல ஊரு. பேரு தெரியாது" என்றேன்.

"நானே போய்ச் சொல்லணும்னுதான் இத்தினி நாளா நெனச்சேன். முட்டி ஒத்துக்கல. நீ பட்டை எடுக்க மேல போறவன். அவனக் கண்டா சொல்லு, நான் மனசார மாப்பு பண்ணிட்டேன்னு. வேணும்னா செஞ்சான்? பாவம், எம்மாம் நாளா பயந்துக்கினு கெடக்கிறானோ. அவனுக்கும் புள்ளைங்க இருக்கும்."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்படி ஒருவனே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த கேள்விக்கு என்ன பதில் சொல்வேன்? அந்தக் கேள்வியையும் பதிலையும் சுமந்துகொண்டு அவர் கப்பலேற வேண்டுமா? நீ இருந்தால் கேட்டிருப்பேன். நீ இருந்தால் கேட்கவே வேண்டியிருக்காது.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இது அமானத்துடா பேட்டா. உன்ன நம்பிக் குடுக்கறேன். உனுக்குன்னு வெச்சுக்கக் கூடாது. யாருக்குச் சேரணுமோ அவன்கிட்ட சேத்துடு" என்றார்.

"சேத்துடறேன் சாயபு" என்றேன்.

சேர வேண்டியவர் தடியை ஊன்றிக்கொண்டு மெல்லப் படியிறங்கிப் போனார். அவருக்கு உரிய மாப்பை அவரிடமிருந்தே வாங்கி வைத்துக்கொண்டு, கொடுக்க முடியாமல் நிற்கிறேன்.