கடைசி சீனுக்கு முந்தி

அன்னக்கிளி பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் கணவர் வெள்ளத்துரைக்கு எழுதினாள்.

“மாவு பிரிட்ஜில இருக்கு. சாம்பாரைச் சுட வச்சுக்கிடுங்க. கேஸ்காரர் வந்தா, காலி சிலிண்டர் பின்கட்டுல இருக்கு. இன்னொரு சாவி எதிர்வீட்டு ராஜேஸ்வரிகிட்ட.”

பேனா அங்கே நின்றது. புளியங்குடியில் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். திரும்பி வர ஒரு மாதமாவது ஆகும்.

டிவியில் கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம் ஒன்று பாதியில் நின்றது. த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டதென்று வெள்ளத்துரை மோட்டார் போட வயலுக்குப் போனபோது நிறுத்தியது. தொப்பி போட்ட துப்பறிவாளர் மாடிப்படியில் ஒரு காலை வைத்தபடி இருந்தார்.

ஞாயிறுதோறும் இருவரும் பார்ப்பது இந்த மாதிரிப் படங்களைத்தான். கொலை விழுந்த கொஞ்ச நேரத்திலேயே அவர், “ஏட்டி, அந்தக் கணக்கப்பிள்ளைதான் கொன்னிருக்கான், பாத்துக்கோ” என்பார். பெரும்பாலும் அப்படியே முடியும். போன மாதம் எரிச்சலில், “வாயை மூடிக்கிட்டுப் பாக்க மாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து மனுஷன் படத்தில் எத்தனை பேர் செத்தாலும் வாய் திறப்பதில்லை. சாப்பிடும்போதும் அப்படித்தான்.

தாளின் அடியில் கொஞ்சம்தான் இடம் இருந்தது. எழுத்தைச் சிறுக்கினாள்.

“மிச்சப் படத்தைப் பாத்திருங்க. எனக்காக நிறுத்தி வைக்க வேண்டாம்.”

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவள் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரத்தில் குறுக்காக இன்னும் ஒன்றைச் செருகினாள்.

“ராத்திரி போன் பண்ணி, யாரு கொன்னான்னு சொல்லுங்க. கடைசி சீன் வாரதுக்கு முந்தியே சொன்னாலும் சரிதான்.”